கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

இலங்கையின் மலைநாட்டில், தெல்தோட்டையைச் சுற்றியுள்ள மலைகளுக்குத் தேயிலை வருவதற்கு முன்பே இரும்பு வந்துவிட்டது. காடழிக்கக் கோடரி, குழி வெட்ட மம்பட்டி, பாறை பெயர்க்க அலவாங்கு, கோப்பிப் பழத்தின் தோலை உரிக்க இயந்திரம் என்று மாட்டு வண்டியிலும் ஆள் தோளிலுமாக அது மலையேறியது. 1854இல் ஜோன் வோக்கர் கண்டியில் தொடங்கிய பொறியியல் நிறுவனம் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்துகொடுத்தே வளர்ந்தது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. அதே ஆண்டில் தெல்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது, டெய்லரின் தேயிலை நாட்டுக்கே பிழைப்பானது.

தேயிலையின் கதையைச் சொன்னவர்கள் பலர். அந்தத் தேயிலையை அரைத்த, உலர்த்திய, சலித்த இயந்திரங்களை ஓடவைத்த பட்டறைகளின் கதையைச் சொன்னவர்கள் குறைவு. உடைந்த இரும்பை ஒட்டத் தெரிந்த கை ஒன்று இல்லாவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் ஒரு கொழுந்துக் காலத்தைத் தாண்டியிருக்காது. இரும்போடு இரும்பை இணைக்க அன்று மூட்டிய நெருப்புக்கும் இன்று உலகம் பயன்படுத்தும் லேசருக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. இந்தக் காலம் முழுவதும் அந்த நெருப்பு சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. சிறுக்கச் சிறுக்க அதன் பலமும் கூடியது, ஆபத்தும் கூடியது.

உலையும் சம்மட்டியும்

அன்றைய இணைப்பு கொல்லுப்பட்டறையில் நடந்தது. மம்பட்டியின் வாய் தேய்ந்தால் அதைத் தூக்கி எறிவதில்லை. பழைய இரும்பின் மேல் புதிய உருக்குத் துண்டை வைத்து, இரண்டையும் உலையில் சேர்த்துக் காய்ச்சி, பட்டடைக்கல்லில் போட்டுச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்கள். இரும்பு ஏறக்குறைய 1,300 பாகை செல்சியசுக்குப் போக வேண்டும். வெப்பமானி கிடையாது. மஞ்சள் வெளுத்து வெண்மைக்குத் திரும்பும் கணத்தைக் கண்தான் பிடிக்க வேண்டும். ஒரு மூச்சு முந்தினால் ஒட்டாது. ஒரு மூச்சு பிந்தினால் இரும்பே பொறியாகச் சிதறிக் கருகிவிடும். இடையில் படியும் துருவைக் கரைக்க மணலோ வெங்காரமோ தூவுவார்கள். துருத்தி ஊதுகிறவர், குறடு பிடிக்கிறவர், சம்மட்டி அடிக்கிறவர் என்று ஓர் இணைப்புக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். ஒட்ட வேண்டிய இடம் விரற்கடை அளவுதான். ஆனால் பொருள் முழுவதும் சிவந்தாக வேண்டும்.

பெரிய தகடுகளை இப்படி ஒட்ட முடியாது. அவற்றுக்கு ரிவெட் ஆணி. கொதிகலனின் தகடுகளில் துளையிட்டு, சிவக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகி, மறுபக்கத்தில் தலையடிப்பார்கள். ஆணி ஆறும்போது சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீராவி இயந்திரங்களின் காலம் இந்த ஆணிகளின் பலத்தில்தான் நின்றது.

டெய்லரின் தொடக்கம் இயந்திரமே இல்லாத தொடக்கம். பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பின் கரியில் கம்பி வலைத் தட்டு வைத்து உலர்த்தினார்கள். 1872இல் லூல்கந்துரவில் முழுமையான தேயிலைத் தொழிற்சாலை அமைந்தது. இலையை உருட்ட அவரே ஓர் இயந்திரமும் வடிவமைத்தார். அடுத்த ஆண்டு 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. பிறகு வந்த ரோலர்கள் வார்ப்பிரும்பாலான பாரமான உடல்கள். மேசைக்குப் பித்தளை, மற்ற இடங்களில் போல்ட்டும் நட்டும். கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை நூதனசாலையில் அந்தக் கால இயந்திரங்களைப் பார்க்கலாம். தேயிலையின் வரலாற்றைப் படிக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அவற்றின் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். கழற்றிப் பூட்டக்கூடியதாகவே எல்லாம் செய்யப்பட்டிருக்கும். ஒட்டுவது கடினமாக இருந்த காலத்தின் வடிவமைப்பு அது.

காஸும் ஆர்க்கும்

இருபதாம் நூற்றாண்டு நெருப்பை உலையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தது. தண்ணீர்த் தொட்டியில் காபைட் கல்லைப் போட்டால் அசற்றலீன் வாயு எழும். அதை ஒட்சிசனோடு கலந்து எரித்தால் சுவாலையின் வெப்பம் 3,000 பாகையைத் தாண்டும். பொருள் முழுவதையும் காய்ச்ச வேண்டியதில்லை. உடைந்த இடத்தில் சுவாலையின் நுனியைக் காட்டினால் போதும். பின்னர் மின்சாரம் வந்தது. 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதற்குப் பின் மலைநாட்டில் கம்பிகள் நீள நீள, ஆர்க் வெல்டிங் தெருவோரத் தொழிலாகவும் ஆனது. இன்று கண்டியிலிருந்து எந்தப் பாதையில் போனாலும் யன்னல் கிரில், கேற், முச்சக்கர வண்டியின் சட்டம், லொறியின் பின்கதவு என்று ஏதாவதொன்றை ஒட்டிக்கொண்டிருக்கும் கடை ஒன்று கண்ணில் படும். அங்கே வேலை செய்பவரை எல்லா மொழிக்காரரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வெல்டிங் பாஸின் திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் வெடித்த வார்ப்பிரும்பை அவர் ஒட்டுவதைப் பார்த்ததில்லை. வார்ப்பிரும்பில் கரி அதிகம். திடீரென்று சூடாகித் திடீரென்று ஆறினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிய வெடிப்பு ஓடும். அதனால் முதலில் துண்டு முழுவதையும் மெல்லக் காய்ச்சுவார். வெடிப்பின் இரண்டு முனைகளிலும் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்துவார். நிக்கல் குச்சியால் ஒரு விரல் நீளம் ஒட்டிவிட்டு, சூடு தணிவதற்குள் சிறு சுத்தியலால் தட்டி இழுவிசையைத் தளர்த்துவார். பிறகு அடுத்த விரல் நீளம். எல்லாம் முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுவார். கொழுந்து குவிகிற காலத்தில் ரோலர் ஒன்று நின்றால் பறித்த இலை வீணாகும். பறித்தவர்களின் வேலையும் வீணாகும். வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை தொழிற்சாலையை ஓடவைத்தது இந்தப் பொறுமைதான்.

இந்த நெருப்பு தன் ஆபத்தை மறைக்காத நெருப்பு. ஆர்க் வெளிச்சம் கூசும். பார்க்கிறவர் தாமாகவே முகத்தைத் திருப்புவார். மீறிப் பார்த்தால் அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் வடியும், தூக்கம் போகும். உருளைக்கிழங்கை அரிந்து கண்ணில் வைத்துக்கொண்டு படுத்த பாஸ்மார் எத்தனையோ பேர். கண்ணின் மேற்பரப்பில் பட்ட காயம் என்பதால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். வலியே ஆசிரியராக இருந்து பாடம் நடத்தியது.

ஒளி வேலைக்கு வந்தது

லேசருக்கான அறிவியல் விதையை 1917இல் ஐன்ஸ்டைன் போட்டார். 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மெய்மன் ஒரு மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். அது தொழிற்சாலைக்குள் நுழைய வழி திறந்தவர்களில் முக்கியமானவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். பெல் ஆய்வுகூடத்தில் 1964இல் அவர் உருவாக்கிய காபனீரொட்சைட்டு லேசர், உலோகத்தை வெட்டவும் ஒட்டவும் போதுமான சக்தியைத் தொடர்ச்சியாகத் தந்தது. ஆனால் அந்த இயந்திரங்கள் பெரியவை. ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பித் திருப்பித்தான் வேலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்றைய இயந்திரம் பெரும்பாலும் ஃபைபர் லேசர். இற்றர்பியம் என்ற தனிமம் கலந்த மெல்லிய கண்ணாடி இழைக்குள்ளேயே ஒளி பிறக்கிறது. அதே போன்ற இன்னோர் இழை வழியாக வளைந்து நெளிந்து வேலைமுனை வரை வந்துசேர்கிறது. விளக்கால் இயங்கிய பழைய லேசர்கள் எடுத்த மின்சாரத்தில் சில வீதத்தையே ஒளியாக்கின. ஃபைபர் லேசர் 30 வீதத்துக்கு மேல் தருகிறது. அதனால் கையில் பிடித்து வேலை செய்யும் 1,500 வாட் இயந்திரம் பெரிய தொழிற்சாலைக்குரிய மின்னிணைப்பு இல்லாமலே ஓடும்.

1,500 வாட் என்பது ஒரு மின் கேத்தல் தண்ணீர் கொதிக்க வைக்க எடுக்கும் சக்திதான். வித்தியாசம் குவிப்பில் இருக்கிறது. அந்தச் சக்தி முழுவதும் 0.1 மில்லிமீற்றர் புள்ளியில் விழும்போது உருக்கு உருகுவதோடு நிற்பதில்லை, ஆவியாகிறது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 10 இலட்சம் வாட் என்ற அளவு தாண்டியதும் உலோகத்துக்குள் நுண்ணிய கிணறு ஒன்று திறக்கும். ஆவியின் அழுத்தம் அதை மூடவிடாமல் தாங்கும். ஒளி அந்தக் கிணற்றின் சுவர்களில் பட்டுப் பட்டு ஆழத்துக்கு இறங்கும். கதிர் நகர நகர, உருகிய உலோகம் பின்னால் வந்து கிணற்றை நிரப்பி உறையும். அகலம் குறைந்த, ஆழம் கூடிய ஒட்டு கிடைப்பது இப்படித்தான். பக்கத்து உலோகம் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். மெல்லிய தகடு வளையாது, கோணாது.

இன்று எங்கெல்லாம்

இதயத்துக்குத் துடிப்பை நினைவூட்டும் பேஸ்மேக்கரின் மின்சுற்றும் மின்கலமும் மெல்லிய டைட்டேனியக் கூட்டுக்குள் இருக்கின்றன. உடலின் ஈரம் ஆண்டுக்கணக்கில் உள்ளே புகாதபடி அந்தக் கூட்டை மூட வேண்டும். ஒட்டும் சூடு உள்ளே இருப்பதைக் கெடுக்கவும் கூடாது. லேசர் அதைச் செய்கிறது. ஏர்பஸ் ஏ318 விமானத்தின் அடிவயிற்றுத் தகடுகளில் ரிவெட் ஆணிகள் பிடித்திருந்த வேலையின் ஒரு பகுதியை லேசர் ஒட்டு எடுத்துக்கொண்டது. ஆணியின் எடையும் துளையின் பலவீனமும் அங்கே இல்லாமல் போயின. 2003இல் வந்த ஐந்தாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் உடலில் லேசர் ஒட்டுகளின் நீளம் சுமார் 70 மீற்றர்.

மின்வாகனங்கள் இந்தத் தொழிலை இன்னொரு படி தள்ளின. பெட்டி வடிவ மின்கலத்தின் அலுமினிய மூடியைக் கசிவில்லாமல் மூடுவது லேசர்தான். ஆனால் உள்ளே மின்சாரம் கடத்தும் செம்பு அகச்சிவப்புக் கதிரின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்காகவே செம்பு விரும்பி உள்வாங்கும் பச்சை, நீல நிற லேசர்கள் தொழிற்சாலைக்கு வந்திருக்கின்றன.

நகைப் பட்டறையிலும் மாற்றம் பெரியது. ஊதுகுழலால் பொடி வைத்து ஊதிய காலத்துக்குப் பின், காட்மியம் கலந்த பற்றாசு தமிழகத்தில் பரவியது. பொன்னின் மாற்றைக் குறைக்காத அந்த வசதிக்குப் பொற்கொல்லர்கள் தங்கள் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் விலையாகக் கொடுத்தார்கள். காட்மியப் புகை கொடிய நஞ்சு. லேசர் பொன்னைப் பொன்னோடேயே ஒட்டுகிறது. கல் பதித்த இடத்துக்கு மிக அருகிலும் வேலை செய்கிறது. தொழிலாளியின் உடம்பைக் காப்பாற்றிய மாற்றம் என்பதால் நான் இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள்

தேயிலை இன்று உணவுப் பாதுகாப்புச் சான்றிதழோடு விற்கப்படும் பொருள். கொழுந்து தொடும் இடமெல்லாம் துருப்பிடிக்காத உருக்காக மாறிவருவது அதனால்தான். அந்த உருக்கைக் காப்பது அதிலுள்ள குரோமியம். மேற்பரப்பில் அது கட்டும் மெல்லிய படலம்தான் துருவைத் தடுக்கிறது. ஒட்டும்போது நெடுநேரம் சூடானால் ஒட்டின் ஓரத்தில் அந்தக் காப்பு பலவீனமாகும். நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய அந்த ஓரத்திலிருந்துதான் பிறகு துரு கிளம்பும். ஒட்டு மேடுபள்ளமாக இருந்தால் இலைச்சாறு இடுக்கில் தங்கும். தங்கினால் கிருமி வளரும். குறைந்த சூட்டில், ஆகன் வாயுவின் காப்பில், ஒரே சீராக ஓடும் லேசர் ஒட்டு இந்த இடங்களில் உண்மையாகவே உதவும். ஒரு மில்லிமீற்றர் தகட்டுத் தட்டுகள், சலிப்பான்களின் ஓரங்கள், உலர்த்தியின் உறைகள் எல்லாம் அதற்கேற்ற வேலைகள்.

அதற்காகப் பழைய பாஸை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. வெடித்த வார்ப்பிரும்பு உடலுக்கு லேசர் பெரும்பாலும் மருந்தாகாது. அதன் பலமான வேகமே அங்கே குற்றமாகிறது: சட்டென்று உருகிச் சட்டென்று உறையும் வார்ப்பிரும்பு கண்ணாடிபோல் கடினமாகி மறுபடியும் வெடிக்கும். சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடும் பொறுமை அங்கே இன்னும் தேவை. தடித்த சட்டங்களுக்கும் துருவும் பெயின்ட்டும் படிந்த பழைய கேற்றுகளுக்கும் ஆர்க்கே நல்லது.

இன்னொரு மாற்றம் கைத்திறன் இருக்கும் இடத்தில் நடந்திருக்கிறது. ஆர்க் வெல்டிங்கில் இரண்டு தகடுகளுக்கிடையே இடைவெளி இருந்தால் பாஸ் குச்சியை ஆட்டி நிரப்பிவிடுவார். நூலிழைக் கதிருக்கு அந்தத் தாராளம் கிடையாது. முனையோடு முனை ஒட்டும்போது இடைவெளி தகட்டின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. ஒரு மில்லிமீற்றர் தகட்டுக்கு 0.1 மில்லிமீற்றர். கதிரை வட்டமாக ஆட்டியும் கம்பி ஊட்டியும் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனாலும் நேராக வெட்டுவது, எண்ணெயும் அழுக்கும் போகத் துடைப்பது, அசையாமல் பூட்டுவது ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் ஒட்டு சரியாக இருக்கும். பாதி வேலை நெருப்பு தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியே வளர்ந்த தோட்டத்து ஃபிட்டருக்கு இந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது.

காட்டிக்கொடுக்காத ஆபத்து

மலையகத்துத் தொழிற்சாலைகளில் ரோதமுனி என்னும் தெய்வத்துக்குப் படையல் வைக்கும் வழக்கம் உண்டு. சுழலும் சக்கரம் கையைக் கேட்கும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த வழிபாடு அது. சக்கரத்தின் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. லேசரின் ஆபத்து இரண்டுக்கும் எட்டாது.

ஃபைபர் லேசரின் அலைநீளம் ஏறக்குறைய 1,070 நனோமீற்றர். மனிதக் கண் அந்த ஒளியைக் காணாது; ஆனால் கண்ணின் வில்லை அதை உள்ளே விட்டு விழித்திரையில் குவித்துவிடும். கூச்சம் வராது, இமை மூடாது, வலியும் இல்லாமல் போகலாம். எரிந்த விழித்திரை மறுபடி வளராது. பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பும் கதிர் வேலை செய்கிறவரைத் தாண்டிப் பக்கத்தில் நிற்கிறவரின் கண்ணுக்கும் போகும். வழக்கமான வெல்டிங் முகமூடியை மட்டும் நம்பக் கூடாது. அந்த அலைநீளத்துக்கென்று தரச்சான்று பெற்ற கண்ணாடி வேண்டும். அறைக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

நம்முடைய வெல்டிங் கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்தவை. பஸ்ஸுக்கு நிற்பவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை, கேற்றுக்கு ஓர்டர் கொடுக்க வந்தவர் என எல்லோரும் நின்று பார்க்கிற இடம் அது. ஆர்க் வெல்டிங்கோடு பழகிய இந்தப் பழக்கம் லேசருக்கு ஒத்துவராது. கையடக்க லேசர்கள் கோயம்புத்தூர், சென்னைப் பட்டறைகளில் பழகத் தொடங்கிவிட்டன. விலை குறையக் குறைய மலைநாட்டுச் சந்திகளுக்கும் வரும். மூடிய அறை, வெளிக்கதவில் பூட்டுமின்சுற்று, எச்சரிக்கை விளக்கு, புகை உறிஞ்சும் குழாய் ஆகியவற்றின் செலவையும் சேர்த்துத்தான் இயந்திரத்தின் விலையைக் கணக்கிட வேண்டும். இவை இல்லாமல் அந்த இயந்திரத்தை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது நல்லது. அரசு அதன் இறக்குமதியை அனுமதிக்கும்போதே பாதுகாப்புச் சாதனங்களையும் பயிற்சியையும் கட்டாயமாக்க வேண்டும்.

யாருடைய கைக்கு

தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகப் பேராதனைக்கு பஸ் போகிறது. அங்கே 1964இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பொறியியல் பீடம் இருக்கிறது. மொரட்டுவையில் ஜேர்மன் உதவியோடு தோன்றிய தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வெல்டிங்குக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. கடல் கடந்தால் திருச்சியில், 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அறிவு எங்கோ தொலைவில் இல்லை. அது லயத்துப் பிள்ளையின் கைக்குத் தமிழில் வந்துசேர்வதில்தான் தடை இருக்கிறது.

உலைக்காலத்தில் பார்த்துக் கற்கலாம். துருத்தி ஊதிய பையன் பத்து வருடத்தில் கொல்லனாவான். ஆர்க் காலத்திலும் பாஸுக்குப் பக்கத்தில் நின்று குச்சி எடுத்துக் கொடுத்த கை ஒருநாள் குச்சியைப் பிடித்தது. லேசரை அப்படி வேடிக்கை பார்த்துக் கற்க முடியாது, பார்ப்பதே ஆபத்து. படித்துத்தான் கற்க வேண்டும். படிக்க வேண்டிய கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ பெட்டிக்குள் கிடந்தால் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குப் பொறுப்பு யார்?

தோட்டத்துப் பையன்கள் வெல்டிங் தெரிந்தவர்களாக வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள், கொழும்பின் கட்டுமானங்களுக்குப் போகிறார்கள். சாதாரண ஆர்க் மட்டும் தெரிந்தவருக்கும் துருப்பிடிக்காத உருக்கில் லேசரும் தெரிந்தவருக்கும் கிடைக்கும் இடம் வேறாகப் போகிறது. ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. மலையகத்தில் ஏற்கெனவே உள்ள பயிற்சி நிலையங்களில் ஒன்றிலாவது மூடிய அறையோடு ஒரு லேசர் வெல்டிங் கூடம் வேண்டும். தமிழில் பாடநூலும் தமிழில் பாதுகாப்பு அறிவிப்பும் வேண்டும். அனுபவமுள்ள பாஸ்மாரை மாணவராகவும் பிறகு ஆசிரியராகவும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலோகம் எப்போது சொன்னதைக் கேட்கும், எப்போது வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தத் திரைக்கும் தெரியாது.

லூல்கந்துரவின் முதல் தேயிலை டெய்லரின் பெயரால் நினைக்கப்படுகிறது. அதை நட்ட, உருட்டிய, இயந்திரத்தை ஒட்டிய கைகளின் பெயர்கள் பதிவில் இல்லை. புதிய தொழில்நுட்பம் ஒன்று இந்த மலைக்கு மறுபடியும் வரப்போகிறது. இம்முறை அதைக் கையாளுகிறவர் சான்றிதழில் தன் பெயரோடு, முழுக் கூலியோடு, இரண்டு கண்களும் பத்திரமாக வேலை செய்ய வேண்டும். அதற்கான ஏற்பாடுகளை இயந்திரம் வந்திறங்குவதற்கு முன்பே செய்து முடிப்பது நம் கடமை.